பதின்மூன்று பித்தளைத் துண்டுகள்

போன மாதம் ஒரு காலை, உக்குவளைச் சந்தையில் பயிற்றங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பெயர்ப்பலகைப் பட்டறையிலிருந்து நிஸ்மியா அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு, எழுத்துப் பொருத்தும் மேசை அவளுடையதாகிவிட்டது.

"மனோக்கா, ஒரு எழுத்து பாதி இறங்கி இறுகிப் போச்சு. மேலயும் வருதில்ல, கீழயும் போகுதில்ல. என்னா செய்ய?"

"சுத்தியலத் தொட்டியா?"

"இல்ல."

"தொடாத. பலகையக் கவுத்துப் போட்டு, பின்பக்கத்துல துளை போட்டு, அதுவழியாத் தள்ளு."

மறுமுனையில் பலகையைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இது உங்களுக்கு யாரு சொல்லித் தந்தது?"

"ஒரு பலகைய நாசமாக்கப் பாத்தேன். அப்பத் தெரிஞ்சிக்கிட்டது."

அவள் சிரித்தாள். "இங்க இப்ப ஆறு பேரு இருக்கோம்க்கா. ஆறு பேருக்கும் போன்லயே சொல்லுவீங்களா? ஒரு தாள்ல எழுதித் தாங்க" என்றாள். ஒரு தாளில் முடியும் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். ஆனால் துளை போட்ட கதையைச் சொல்லாமல் துளையை மட்டும் எழுத எனக்கு வரவில்லை.

நான் முதலில் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக் கொலருக்கு லேபல் தைத்துக்கொண்டிருந்தவள். அதை மூடியபோது எனக்கு முப்பத்து நான்கு வயது. மாத்தளை டவுனில் பெயர்ப்பலகை செய்யும் பட்டறை ஒன்றில் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி ரஷீதை எல்லோரும் அண்ணன் என்ற பொருளில் நானா என்பார்கள். ரஷீத் நானா என் கையை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். "லேபல் நேரா தைச்ச கை. ஸ்டிக்கரும் நேரா ஒட்டும்" என்று சொல்லி அன்றைக்கே வேலை கொடுத்தார். சில வருடங்கள் ஸ்டிக்கர் ஒட்டினேன், உரித்தேன், மறுபடியும் ஒட்டினேன். பிறகு கொழும்பிலிருந்து பழைய சிஎன்சி மெசின் ஒன்று லொறியில் வந்து இறங்கியது. அதற்குப் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் நான் செய்தது ஒரே வேலைதான்.

வேலை இதுதான். கம்ப்யூட்டரில் வரைந்த எழுத்தை மெசின் இரண்டு தடவை வெட்டும். ஒரு தடவை, பலகையில் அந்த எழுத்தின் வடிவத்திலேயே குழி தோண்டும். இன்னொரு தடவை, அக்ரிலிக் தகட்டிலிருந்தோ வேறு மரத்திலிருந்தோ எழுத்தையே தனியாக அறுத்துத் தரும். எழுத்தைக் குழிக்குள் இறக்கி, பலகையின் மேற்பரப்போடு மட்டமாக உட்கார வைக்க வேண்டும். சரியாக வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவும்போது எங்கே மரம் முடிகிறது, எங்கே எழுத்து தொடங்குகிறது என்று கைக்குத் தெரியாது. மெசின் வந்த புதிதில் ஊரே வந்து மெசினைப் பார்த்தது. அது நின்ற பிறகு ஒருத்தி குந்தி இருந்து எழுத்தைக் குழிக்குள் வைப்பதை யாரும் நின்று பார்க்கவில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

முதல் பலகையிலேயே ஒரு பாடம் கிடைத்தது. மெசினில் சுழல்கிற பிட், அதாவது வெட்டும் முனை, உருண்டையானது. அது தோண்டுகிற குழியின் உள்மூலை வளைந்துதான் வரும். 'ட'வுக்கோ கூரான மூலை. கூரான மூலை வளைந்த மூலைக்குள் எப்படி உட்காரும்? ஒரு முழுப் பகல் அரத்தால் ராவினேன். மாலையில் ரஷீத் நானா வந்து, உளியை எடுத்துக் குழியின் மூலையில் இரண்டே தட்டுத் தட்டினார். எழுத்து இறங்கியது. "எழுத்தக் கொறைக்காதீங்க தங்கச்சி. வாசிக்கிறவங்க பாக்குறது எழுத்தத்தான். குழிய ஆரும் பாக்க மாட்டாங்க" என்றார்.

அவர் உயரமான, ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனா இருக்காது. ஃபோட்டோகொப்பித் தாளில் நீளமாகக் கிழித்த ஒரு துண்டு மட்டும் இருக்கும். எழுத்துக்கும் குழிச் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளியை அவர் 'காத்து' என்பார். எழுத்தைக் குழியில் வைத்ததும் அந்தத் தாள் துண்டை இடுக்கில் சொருகி எழுத்தைச் சுற்றிக்கொண்டு போவார். தாள் கிழியாமலும், தானாக விழாமலும் ஒரு சுற்று வந்துவிட்டால் காத்து சரி. "காத்து ஈக்கா தங்கச்சி?" என்பதுதான் காலையில் அவர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி. இருக்கா என்பது அவர் வாயில் ஈக்கா. சுகமா என்று கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் படித்தது சிங்கள மொழியில். வீட்டில் பேசுவது தமிழ். தமிழ் வாசிப்பதோ, முதலாம் வகுப்புப் பிள்ளைபோல எழுத்தெழுத்தாக. அதனால் தமிழ்ப் பலகைகள் முழுக்க என் பொறுப்பு. "நீங்க வாசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்பார். "வாசிச்சேன் நானா" என்றால் பலகை வெளியே போகலாம். சிங்களப் பலகையைத் தாமே மூன்று தடவை பார்க்கிற மனிதர், தமிழ்ப் பலகைக்கு என்னுடைய ஒரு சொல்லை நம்பினார்.

தமிழில் பெரிய தொல்லை புள்ளிதான். புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தனித் துண்டாக வரும். மூக்குத்தியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. ஒரு தடவை பக்கத்து ஊரான நாலந்தாவில் ஒரு மருந்துக் கடைக்கான பலகையில் கடைசிப் புள்ளியைக் காணோம். மரத்தூளைச் சல்லடையில் சலித்தோம். மேசையைப் புரட்டினோம். என் கூந்தலைக்கூட அவிழ்த்து உதறிப் பார்த்தேன். அன்று வெள்ளிக்கிழமை. ரஷீத் நானா ஜும்ஆ தொழுகைக்குப் போய்த் திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்காட்டினார். அடியில், தேய்ந்த பள்ளத்துக்குள், வெள்ளைப் புள்ளி அழகாகப் பொருந்தி இருந்தது. "காத்து சரியா ஈக்கி, பாருங்க" என்றார். அன்றிலிருந்து புள்ளிகளை ஒரு மருந்துச் சிமிழில் போட்டு என் இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன்.

இனித்தான் துளை போட்ட கதை.

ஒரு ஐப்பசி மாதம், ரத்தோட்டைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். மூவரும் கொழுந்து பறிப்பவர்கள். முன்னால் நின்று பேசியவர் பெயர் யோகேஸ்வரி; கூட வந்தவர்கள் யோகம் என்று கூப்பிட்டார்கள். ஒரு சாக்குப் பையை எங்கள் மேசைமேல் கவிழ்த்தார். குத்துவிளக்கின் தண்டு, அடி ஓட்டையான செம்பு, நாக்கில்லாத பூசை மணி, காம்பு போன கரண்டிகள், தோட்டக் குடியிருப்பான லயத்துத் தண்ணீர்க் குழாயின் வாய் ஒன்று. எல்லாம் பித்தளை.

"மாரியாயி முன்பள்ளின்னு போர்டு வேணுங்க" என்றார் யோகம். "பெயிண்ட் எழுத்து வேணாம். எங்க பக்கத்து மழைக்குத் தாங்காது. இத உருக்கி எழுத்து வைக்கணும்."

மாரியாயி அந்தத் தோட்டத்தின் புள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறையில், முப்பது வருடம் ஆயாவாக இருந்தவர். யோகமே அவர் மடியில் வளர்ந்தவர். அந்தப் பழைய அறை இருந்த இடத்தில் இப்போது தோட்டத்து ஆட்களே சேர்ந்து ஒரு முன்பள்ளி கட்டியிருந்தார்கள். மாரியாயி உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை வைக்கவேண்டும் என்பது பெண்களின் முடிவு.

ரஷீத் நானா ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தார். "உருக்கினா திரும்பக் கேக்க ஏலாது. தெரியும்தானே?"

"தெரியுங்க. வீட்ல வச்சி என்னா செய்ய? வாசல்ல இருந்தா எல்லாரும் பாப்போம்ல."

கண்டிப் பக்கத்துப் பித்தளை வேலைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் உருக்கித் தகடாக வார்த்துக் கொடுத்தார். தமிழ் வரிக்கு மட்டுந்தான் பித்தளை போதும் என்று கணக்குப் பார்த்தோம். அடியில் வரும் சிங்கள வரியை வெள்ளை அக்ரிலிக்கில் செய்து, குழியில்லாமல் மேலே ஒட்டுவதாகச் சொன்னோம், பெண்கள் சம்மதித்தார்கள். பிரித்துப் பார்த்தால் தமிழ் வரியில் பதின்மூன்று துண்டுகள். கால்கள் இரண்டும் புள்ளிகள் இரண்டும் தனி.

அந்தத் தகடு அக்ரிலிக் மாதிரி ஒரே தடிப்பில் இல்லை. கையால் வார்த்தது, ஓர் இடத்தில் தடிப்பு, ஓர் இடத்தில் மெல்லிசு. அதனால் முதலில் எழுத்துகளை வெட்டினோம். வெட்டிய ஒவ்வொன்றையும் நான்கைந்து இடங்களில் அளந்து, எது ஆக மெல்லிய இடமோ அந்த அளவுக்கு மட்டும் அதன் குழியைத் தோண்டினோம். அப்போதுதான் மெல்லிய இடம் பலகையோடு மட்டமாக நிற்கும்; மற்ற இடங்கள் மேலே துருத்திக்கொண்டிருக்கும்; அவற்றை ராவிச் சரிக்கட்டலாம். பதின்மூன்று துண்டுக்கும் பதின்மூன்று ஆழம். ஒவ்வொன்றின் முதுகிலும் இலக்கம் எழுதினேன். வெட்டி முடிந்தபோது தகட்டில் மிஞ்சியது விரலகல ஓரங்கள்தான். இன்னொரு எழுத்து வெட்ட வழியில்லை.

ஐந்தடி மஹோகனிப் பலகையில் மெசின் குழி தோண்டி முடித்தது ஒரு வியாழக்கிழமை மாலை. ரஷீத் நானா வெளியே போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: "குழிக்குள்ள சீலர் பூசிட்டுப் போங்க தங்கச்சி. மழை." சீலர் என்பது மரம் ஈரம் குடிக்காமல் இருக்கப் பூசும் திரவம். பதின்மூன்று குழிக்கும் சின்னத் தூரிகையால் பூச முக்கால் மணிநேரம் ஆகும். என் ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. காலையில் பூசலாம் என்று பலகையைத் துணியால் மூடிவிட்டு ஓடினேன். காலை போயா, பௌர்ணமி விடுமுறை என்பது ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்கடுத்து சனி, ஞாயிறு. மூன்று நாளும் விடாத மழை.

திங்கட்கிழமை நான்தான் முதலில் பட்டறையைத் திறந்தேன். துணியை விலக்கிக் குழியின் சுவரை விரலால் தடவினேன். பூனையின் நாக்குபோலச் சொரசொரவென்றிருந்தது. வெட்டுப்பட்ட நார்கள் ஈரத்தைக் குடித்து உப்பியிருந்தன. தாள் துண்டை நான் எடுக்கவேயில்லை. எடுத்தால் எங்கேயும் போகாது என்று தெரியும்.

அப்போது நான் செய்யவேண்டியது ஒன்றுதான்: பலகையைக் காய வைத்து, நானாவிடம் சொல்வது. ஆனால் புதன்கிழமை திறப்புவிழா. அதைவிட, இருபது வருடத்தில் அவர் என்னிடம் ஒரு வேலையை இரண்டாம் தடவை சொல்லவேண்டி வந்ததில்லை என்ற பெருமை எனக்கு இருந்தது. அவர் வருவதற்குள் முடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். குழிகளைப் பிளேடால் சுரண்டிச் சுரண்டிப் பன்னிரண்டு துண்டுகளைப் பொருத்திப் பார்த்து எடுத்து வைத்தேன். அவையெல்லாம் ஒருவழியாக இறங்கின.

மிஞ்சியது 'மாரியாயி'யின் கடைசி 'யி'. அதன் மேலிருந்து வளைந்து இறங்கும் வாலுக்கும் உடம்புக்கும் நடுவே மரம் ஒரு நாக்குபோல நிற்கும். அந்த நாக்கும் உப்பியிருந்தது. எழுத்தை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். பாதி இறங்கியது. கையால் இறங்காவிட்டால் நிறுத்தவேண்டும் என்பது பட்டறையின் சட்டம். புதிதாக வருகிற எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பவளும் நான்தான். ரப்பர் சுத்தியலை எடுத்தேன். அசையவில்லை. இரும்புச் சுத்தியலை எடுத்தேன்.

ஒரே அடி. வலப்பக்கம் இறங்கியது, இடப்பக்கம் மேலே எழும்பிக் கோணலாக நின்றது. அடி விழுந்த இடத்தில், வாலின் நுனியில், சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு பள்ளம்.

சுத்தியலைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. செம்பும் மணியும் கரண்டியும் கொடுத்த பெண்களின் முகங்கள்தான் கண்ணுக்குள் வந்தன. அப்படியே நின்றுகொண்டிருந்தபோது ரஷீத் நானா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

பலகையைப் பார்த்தார். என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். தாள் துண்டை எடுத்து ஒரு குழிச் சுவரில் வைத்து, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சீலர் பூசினீங்களா?"

பூசினேன் என்ற சொல் வாய்வரை வந்தது. மழை அதிகம், சீலர் பழசு என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார், அதுதான் என்னால் முடியாமல் போனது.

"இல்ல நானா. ரயிலுக்குப் போயிட்டேன்."

"சரி" என்றார். சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "இப்ப அத வெளில எடுக்கணும். இழுத்தா நாக்கு ஒடையும். பின்னாலருந்து தள்ளுவோம்."

பலகையின் தடிப்பில் குழி போக மிஞ்சியது ஓர் அங்குலத்துக்கு மேல். பின்பக்கத்தில் எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. இடம் ஒரு விரல் தவறினாலும் துளை பலகையின் முகத்தில் வந்து நிற்கும். கம்ப்யூட்டரிலுள்ள படமும் உதவாது, எழுத்து கோணலாக அல்லவா நிற்கிறது! நான் ஒரு மெல்லிய தாளைப் பலகையின் முகத்தில் விரித்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தேன். 'யி'யும் பலகையின் விளிம்பும் கறுப்பாகத் தாளில் பதிந்தன. தாளை முகம் குப்புறத் திருப்பிப் பலகையின் பின்பக்கத்தில் விளிம்போடு விளிம்பு வைத்து ஒட்டினோம். தாளின் பின்னால் நிழல்போலத் தலைமாறிய 'யி' தெரிந்தது.

"இது சரியான பக்கமா? எனக்கு நேராப் பாத்தாலே தமிழ் வெளங்காது. நீங்கதான் சொல்லணும்" என்றார்.

பலகையைச் சாய்த்து முன்னால் போய்ப் பார்த்தேன். பின்னால் வந்து பார்த்தேன். வால் எந்தப் பக்கம், உடம்பு எந்தப் பக்கம் என்று விரலால் காற்றில் எழுதிப் பார்த்தேன். மூன்று தடவை.

"சரி நானா."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. நான் அவருடைய சொல்லைக் காற்றில் விட்டது அன்று காலையில்தான் அவருக்குத் தெரிய வந்திருந்தது. ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை. என் ஒரு சொல்லை நம்பி ட்ரில்லைக் கையில் எடுத்தார்.

பிட்டில் எவ்வளவு ஆழம் என்று அளந்து டேப் சுற்றினார். உடம்புக்குக் கீழே ஒரு துளை, வாலுக்குக் கீழே ஒன்று. டேப் வரை போனதும் ட்ரில்லை நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பிட்டைக் கையில் பிடித்துத் திருகித் திருகிப் போனார். சிவப்பான மரத்தூள் வந்துகொண்டே இருந்தது. பிறகு அதில் மஞ்சளாக ஒரு மினுக்கம். பித்தளை. இரண்டாவது துளையிலும் அதேபோல. நான் மூச்சு விட்டேன்.

பலகையை, அறுக்கும்போது மரத்தைத் தாங்கும் இரண்டு மரக்குதிரைகள்மேல் நிறுத்தி வைத்து, ஒரு துளைக்குள் அவர் ஒரு மரக்குச்சியும் மற்றதற்குள் நான் ஒன்றும் சொருகினோம். "மூணுன்னா தட்டுங்க. ரெண்டும் ஒரே தட்டா விழணும்" என்றார். எண்ணினார். தட்டினோம். அசையவில்லை. மறுபடி எண்ணினார். நாலாவது தடவை 'யி' முன்பக்கம் விரித்திருந்த துணியில் போய்த் தொப்பென்று விழுந்தது. மர நாக்கு உடையாமல் நின்றது.

எழுத்தை நிமிர்த்தினோம். பலகையை அன்று பகலும் இரவும் பல்ப் வெளிச்சத்தில் வைத்து மெல்லக் காய வைத்தோம். மறுநாள் காலை சீலர் பூசினேன், ஒவ்வொரு குழிக்கும் இரண்டு தடவை. நடுவில் மட்டும் பசை வைத்து, ஓரங்களில் வழியாமல், பதின்மூன்று துண்டுகளையும் கையாலேயே இறக்கினேன். தாள் துண்டு எல்லாவற்றையும் சுற்றி வந்தது. துருத்திய இடங்களை ராவி மட்டமாக்கினோம். ஆனால் அந்தப் பள்ளம் மட்டும் போகவில்லை. அடி விழுந்தது எழுத்தின் ஆக மெல்லிய இடத்தில். ராவினால் அந்த எழுத்து முழுவதும் பலகைக்குக் கீழே போய்விடும். அப்படியே விட்டோம்.

புதன்கிழமை பலகையை வேனில் ஏற்றிக்கொண்டு நாங்களும் போனோம். மழை விட்டிருந்தது. வாசலுக்கு மேலே மாட்டினால் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று, கதவுக்குப் பக்கத்தில் பெரியவர்களின் நெஞ்சுயரத்துக்கு மாட்டச் சொல்லியிருந்தார்கள். மாட்டி முடித்ததும் ரஷீத் நானா யோகத்தைக் கூப்பிட்டார். "ஒரு எழுத்துல எங்க கையால அடி பட்டீக்கி. மறைக்க விருப்பமில்ல" என்றார். எங்க கையால என்றார். அவருடைய கை சுத்தியலைத் தொடவேயில்லை.

யோகம் உற்றுப் பார்த்தார். "எங்கங்க? எனக்குத் தெரியலையே" என்றார். பிறகு மற்றப் பெண்களும் வந்து, என் செம்பு எந்த எழுத்துக்குள்ளே போயிருக்கும், உன் மணி எதிலே என்று வாதாட ஆரம்பித்தார்கள். குழாய் வாய் கொடுத்தவருக்குப் புள்ளியைத்தான் ஒதுக்கினார்கள்.

மாரியாயி வந்தார். குள்ளமான உருவம், பூப்போட்ட புதுச் சேலை, வெற்றிலைச் சிவப்பு வாய். திரையை விலக்கச் சொன்னார்கள், விலக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் நின்ற என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"எனக்கு எழுத்துத் தெரியாதும்மா. இதுல எம்பேரு எதுவரைக்கும்?"

நான் அவர் கையைப் பிடித்து விரலை 'ம'வில் வைத்தேன். "இங்க ஆரம்பிக்குதும்மா." விரலை நகர்த்திக்கொண்டே போனேன். மரத்துக்கும் பித்தளைக்கும் நடுவே விரல் எங்கேயும் தட்டவில்லை. பித்தளையில் படும்போது சில்லென்றிருந்திருக்கும், அவ்வளவுதான். 'யி'யின் வால் நுனிக்கு வந்ததும் விரல் நின்றது.

"இங்கன என்னா, குழியா இருக்கு?"

"அவசரப்பட்டு நான் சுத்தியலால அடிச்சிட்டேன்மா. அந்தத் தழும்பு போகல."

அவர் அந்த இடத்தைத் தேய்த்துப் பார்த்தார். "முப்பது வருசம் புள்ள பாத்தேன். முட்டியில தழும்பு இல்லாம ஒரு புள்ளையையும் நான் ஆத்தாக்காரிக்கிட்ட திருப்பிக் குடுத்ததில்ல. வேணும்னா இந்தா நிக்கிறாளே, இவளக் கேளு" என்றார்.

"எனக்கு ரெண்டு முட்டியிலயும் இருக்குங்க!" என்றார் யோகம். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; கண்ணைத் துடைக்கவும் வேண்டியிருந்தது.

மாரியாயி என் கையை விலக்கிவிட்டார். தாமாகவே விரலைப் பலகையின் இடது ஓரத்தில் வைத்து, சில்லென்ற இடத்தைத் தேடிப் பிடித்து, மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். பள்ளத்தில் விரல் விழுந்ததும் நிறுத்தினார்.

"இதோட முடியுது."

"ஆமாம்மா. அதோட முடியுது."

"அப்ப இனிமே யாரையும் கேக்க வேண்டியதில்ல" என்றார். சொல்லிவிட்டு, பாயசம் எங்கே கொடுக்கிறார்கள் என்று யோகத்திடம் கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.